பென்சில் கரியால் வெளுத்த முகம்

எங்கள் ஊர்க் கடைத்தெரு ஸ்டுடியோ ஒன்றில் முப்பது ஆண்டுகள் 'டச்சிங்' வேலை பார்த்த பெரியவர் தம் தொழிலை எனக்கு ஒரே வரியில் சொன்னார்: "கரியைத் தடவித் தடவி முகத்தை வெளுப்பாக்குவதுதான் தம்பி என் வேலை." விடுகதை போல இருக்கிறது. நெகட்டிவைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தவர்களுக்கு விடை சட்டென்று பிடிபடும். அதில் எல்லாம் தலைகீழ். முகத்தில் கறுத்த இடம் நெகட்டிவில் தெளிந்திருக்கும். அந்த இடத்தைப் பென்சிலால் அடைத்துவிட்டால் அச்சிடும்போது தாளுக்குப் போகும் ஒளி குறையும், அங்கே வெளுப்பாக விழும். கண்ணுக்குக் கீழே கருவளையமா, அம்மைத் தழும்பா, கன்னத்தில் குழியா, எல்லாவற்றுக்கும் மருந்து பென்சில்தான்.

சாய்வு மேசை, அதன் நடுவில் தேய்த்த கண்ணாடி, ஜன்னல் வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே அனுப்ப முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. வழுவழுப்பான ஃபிலிமில் பென்சில் பிடிக்கவேண்டும் என்பதற்காக முதலில் ஒரு மருந்தைத் தடவிக் காயவிடுவார். பென்சிலின் முனையை உப்புத்தாளில் உரசி ஊசியாக்கிக்கொள்வார். கோடு போட்டால் தெரிந்துவிடும். ஆகவே புள்ளி புள்ளியாக, எறும்பின் கால் அளவுக்கு அரைவட்டம் அரைவட்டமாக வைக்கவேண்டும். எங்கேனும் கருமை கூட்டவேண்டியிருந்தால் கத்தி முனையால் சுரண்டுவார். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் ஆகும். கல்யாணப் பெண் என்றால் இன்னும் கூடுதலாகும்.

இது நம் ஊரில் மட்டும் பிறந்த வழக்கம் அல்ல. 1855இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ம்யூனிக் நகரத்துப் புகைப்படக்காரர் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் நெகட்டிவில் திருத்திய படங்களை வைத்துக் கூட்டத்தை வாய்பிளக்க வைத்ததாகப் புகைப்பட வரலாறு எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். புகைப்படக் கலைக்கு அப்போது வயது இருபதுகூட நிரம்பவில்லை. ஆக, 'முன்பெல்லாம் படம் உண்மை பேசியது, கணினி வந்து கெடுத்தது' என்ற பேச்சைத் தொடக்கத்திலேயே தள்ளிவைத்துவிடலாம்.

பெரியவரிடம் வந்த வேலைகளில் பாதி, சாவு வீட்டு வேலை. இறந்தவருக்குத் தனிப்படம் இருக்காது. ஏதாவது கல்யாணக் குழுப்படத்தின் மூலையிலிருந்து தலையை மட்டும் எடுத்து, வேறொருவர் உடம்பில் சட்டையோடு பொருத்தி, மாலை போட்டுச் சட்டமிட்டுத் தரவேண்டும். படமே எடுக்காதவர் இறந்துபோனால், இறந்தபின் எடுத்த படத்தில் கண்ணைத் 'திறந்து' தரவேண்டும். சேர்ந்து நின்று ஒரு படமும் எடுத்துக்கொள்ளாத தம்பதியை அவர்கள் இறந்தபிறகு பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கவேண்டும். இதையெல்லாம் யாரும் பொய் என்று சொன்னதில்லை. அந்தப் படத்தை வாங்கிப் போகிறவர்களுக்கு அது எப்படி உண்டானது என்பது தெரியும். அவர்கள்தான் கேட்டார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

அப்படி நினைத்துக்கொண்டிருந்த நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். எங்கள் ஆச்சி இறந்தபோது அவருக்கும் தனிப்படம் இல்லை. சித்தப்பா கல்யாணக் குழுப்படத்தில் இடமிருந்து மூன்றாவதாக, வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிறார். அதைக் கொண்டுபோய் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். மறுநாள் வந்த படத்தில் ஆச்சிக்கு அரக்குப் பட்டுச் சேலை, பின்னால் நீல வானம், முகம் மாவு பூசியதுபோல வெளுப்பு. அத்தை வாங்கிப் பார்த்தார். "இது யாருடா?" என்றார். எனக்கும் ஏதோ இடறியது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. அத்தைதான் கண்டுபிடித்தார். ஆச்சியின் நெற்றியில் சிறுவயதில் பச்சை குத்திய புள்ளி ஒன்று இருந்தது. அதைக் காணவில்லை. திரும்பப் போய்க் கேட்டபோது கணினி முன் இருந்த இளைஞர் பதறிப்போய், "கரும்புள்ளி என்று நினைத்து எடுத்துவிட்டேன் அண்ணா" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையிலிருந்த கருவி அப்படி. அமெரிக்காவின் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் எழுதிய ஃபோட்டோஷாப் மென்பொருளை அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2002இல் வந்த ஏழாம் பதிப்பில் 'ஹீலிங் பிரஷ்' சேர்ந்தது. பக்கத்திலுள்ள நல்ல தோலின் இழைகளை எடுத்து, மறு இருக்கும் இடத்தில் நிறம் பொருந்த நிரப்பிவிடும் தூரிகை அது. பெரியவர் அரை மணி நேரம் செய்ததை அரை விநாடியில் செய்யும். பெரியவருக்கு ஒரு புள்ளியை எடுப்பதற்குமுன் 'இது பருவா, மச்சமா, பச்சையா' என்று யோசிக்க நேரம் இருந்தது. யோசித்தே ஆகவேண்டியும் இருந்தது, ஏனென்றால் எடுத்தால் வேலை. தூரிகைக்குச் சுற்றியிருப்பதோடு ஒத்துப்போகாதது எல்லாம் ஒன்றுதான். அதன் பெயரிலேயே நோய் தீர்க்கும் பாவனை இருக்கிறது, கவனியுங்கள். மச்சத்தைக் குணப்படுத்துகிறார்களாம்.

விளம்பரத்துக்கு வரும்போது கதையே வேறு. அங்கே படத்தைப் பார்க்கிறவர் திருத்தச் சொன்னவர் அல்லர். எவ்வளவு திருத்தினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அந்தப் படத்தை நம்பித்தான் பணத்தை எடுக்கிறார்.

இதைத் தெளிவாகப் பார்க்க 2011 ஜூலையில் பிரிட்டனில் நடந்ததைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. லோரியால் நிறுவனத்தின் இரண்டு விளம்பரங்கள்: ஒன்றில் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ், மற்றொன்றில் மாடல் கிறிஸ்டி டர்லிங்டன். இரண்டும் முகப்பூச்சுக்கானவை. இரண்டாவதன் பெயரே 'இரேசர்', அதாவது அழிப்பான். நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ ஸ்வின்சன் புகார் கொடுத்தார். டர்லிங்டன் படத்தில் தோலை வெளுப்பாக்கியது, கண்ணைச் சுற்றிய நிழலைக் குறைத்தது, உதட்டை மென்மையாக்கியது, புருவத்தைக் கறுப்பாக்கியது என்று செய்தவற்றை நிறுவனமே சொல்லிவிட்டது. ராபர்ட்ஸ் படத்தின் மூலத்தை மட்டும் காட்ட முடியவில்லை. நடிகையோடு போட்ட ஒப்பந்தம் இடம் கொடுக்கவில்லை. இரண்டு விளம்பரங்களையும் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தடை செய்தது. பூச்சினால் வந்த பலன் எவ்வளவு, கணினியால் வந்த பலன் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாதபோது அந்தப் படத்தைப் பூச்சின் பலனுக்குச் சான்றாக ஏற்க முடியாது என்பதே சாரம்.

நடிகை அழகாக இருந்தது குற்றம் என்றோ, திருத்தியதே குற்றம் என்றோ ஆணையம் சொல்லவில்லை. சுருக்கத்தை மறைப்பேன் என்று விற்கும் பொருளின் விளம்பரத்தில் சுருக்கத்தைக் கணினி மறைத்திருந்தால் அது தராசின் சரக்குத் தட்டுக்கு அடியில் ஈயத்தை ஒட்டுவது போன்றது. அதே முகத்தை அதே அளவு திருத்திக் கைக்கடிகாரத்துக்குப் போட்டிருந்தால் இந்த வழக்கு எழுந்திருக்காது. கடிகாரம் சுருக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே.

கடிகார விளம்பரத்துக்கும் ஒரு தீங்கு உண்டு என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பொருளைப் பற்றிப் பொய் சொல்லாமலே, மனித உடம்பைப் பற்றிப் பொய் சொல்லலாம். பத்து வயதிலிருந்து தினமும் நூறு படங்களில் துளையில்லாத தோலையும் பிடியளவு இடுப்பையும் பார்த்து வளரும் பிள்ளை, தன் உடம்பைத்தான் பழுது என்று நினைக்கும். இந்தக் கவலையில்தான் சட்டங்கள் பிறந்தன. இஸ்ரேல் 2012இல் சட்டம் இயற்றியது. பிரான்ஸில் 2017 அக்டோபர் 1 முதல் மாடலின் உருவத்தைத் திருத்திய விளம்பரத்தில் 'திருத்திய புகைப்படம்' என்று பிரெஞ்சில் எழுதியே ஆகவேண்டும். மீறினால் 37,500 யூரோ அபராதம், அல்லது விளம்பரச் செலவில் 30 சதவீதம் வரை. நார்வே 2021இல் சட்டம் இயற்றி 2022 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அங்கே அரசே ஒரு முத்திரையை வரைந்து கொடுத்து, படத்தின் பரப்பில் சுமார் 7 சதவீதத்தை அது பிடிக்கவேண்டும் என்றது. காசு வாங்கிக்கொண்டு சமூக ஊடகத்தில் படம் போடுகிறவர்களுக்கும் அது பொருந்தும்.

பிரெஞ்சுச் சட்டத்தை நம் கண்ணோடு படித்தால் ஓர் ஓட்டை தெரியும். உடம்பை ஒல்லியாக்கினாலோ பருமனாக்கினாலோதான் அங்கே அறிவிப்பு வேண்டும். மருவை எடுத்தாலும் முடியின் நிறத்தை மாற்றினாலும் தேவையில்லை. தோலின் நிறத்தை நான்கு படி ஏற்றினாலும் இடுப்பைத் தொடாதவரை அந்தச் சட்டம் வாய் திறக்காது. அவர்களுடைய அச்சம் மெலிவு பற்றியது; சட்டமும் அதையே பார்த்தது. நம்முடைய அச்சம் நிறம் பற்றியது. அவர்கள் சட்டத்தை அப்படியே இங்கே பெயர்த்து நட்டால் நமக்கு நிழல் தராது.

அந்த முத்திரை வேலை செய்கிறதா என்பதும் கேள்விதான். ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் மரிகா டிகமான் குழுவினர் இதைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். 'இது திருத்திய படம்' என்று எழுதியிருந்தாலும் பார்த்த பெண்களுக்குத் தம் உடம்பு பற்றிய குறை குறையவில்லை. கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: எந்த உறுப்பைத் திருத்தினார்கள் என்று குறிப்பிட்டு எழுதினால் கண் அந்த உறுப்பில்தான் போய் நிற்கிறது. பானைக்குள் பார்க்காதே என்று சொல்லிவிட்டுப் போன கதை. சிகரெட் அட்டையிலுள்ள எச்சரிக்கை மாதிரி இதுவும் இருக்கும் என்று எண்ணியவர்கள், அழகான முகத்தைப் பார்க்கும் ஆசை எச்சரிக்கையைப் படித்தபிறகும் அப்படியேதான் இருக்கும் என்பதை மறந்துவிட்டார்கள்.

இதற்கு மாற்றாக, திருத்தத்தின் அளவை எண்ணாகச் சொல்லலாமே என்று 2011இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியிலிருந்து எரிக் கீ, ஹனி ஃபரித் இருவரும் ஒரு வழி சொன்னார்கள். திருத்தாத படத்தையும் திருத்திய படத்தையும் கணினி ஒப்பிட்டு, உருவம் எவ்வளவு நகர்ந்தது, தோல் எவ்வளவு மாறியது என்று அளந்து, 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும். நல்ல முயற்சிதான். ஆனால் எங்கள் ஆச்சி படத்துக்கு இந்தக் கருவி ஐந்துக்கு ஐந்து கொடுத்துவிடும்: பட்டுச் சேலை, நீல வானம், மாவு முகம். கண்ணோரச் சுருக்கம் இரண்டை மட்டும் எடுத்த முகப்பூச்சு விளம்பரத்துக்கு ஒன்றோ ஒன்றரையோ வரும். எது மோசம்? எவ்வளவு தூரம் நகர்த்தினார்கள் என்பதை அளக்கும் கருவிக்கு, அந்தப் படத்தை நம்பி யார் என்ன முடிவு எடுக்கப் போகிறார் என்பது தெரியாது. என் கணக்கில் அறம் நிற்பது அந்த இரண்டாவது கேள்வியில்.

2024 மார்ச்சில் பிரிட்டன் இளவரசி கேத்தரின் குடும்பப் படம் பட்ட பாட்டையும் இப்படித்தான் புரிந்துகொள்ள முடியும். அன்னையர் தினத்தன்று அரண்மனை வெளியிட்ட படத்தில் மகள் சார்லட்டின் ஸ்வெட்டர் கைப்பகுதி பொருந்தாமல் இருந்தது. ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி ஆகிய செய்தி முகமைகள் படத்தைத் திரும்பப் பெற்றன. மறுநாள் இளவரசி தாமே படத்தில் கைவைத்ததாகச் சொல்லி வருத்தம் தெரிவித்தார். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கேமராவைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். எல்லாத் தாய்மாரும் செய்வதைத்தான் செய்திருப்பார். ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் பொதுவில் தலைகாட்டாமல், நலமாக இருக்கிறாரா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் படம் பதிலாக வந்தது. வரவேற்பறையில் மாட்டவேண்டிய படம் செய்தியாக மாறியபோது அதன் சட்டைக் கைக்கும் கணக்குக் கேட்டார்கள்.

நம் நாட்டில் இந்த விவாதம் முதலிலிருந்து கடைசிவரை தோலின் நிறத்தைச் சுற்றியே வருகிறது. 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. கறுத்த முகம் வாடிப்போய், வெளுத்த முகம் வேலையும் மாப்பிள்ளையும் பெறும் விளம்பரங்களைப் பார்த்து இரண்டு தலைமுறைகள் வளர்ந்தன. அட்டைப்பெட்டியிலேயே ஒரே பெண்ணின் முகம் படிப்படியாக வெளுப்பதைக் காட்டினார்கள். 2019இல்தான் அந்த முகங்களை எடுத்தார்கள். 2020இல் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. பெயரில் நிறம் போய் ஒளி வந்தது. மும்பையில் 1985இல் தொடங்கிய இந்திய விளம்பரத் தரக் கழகம், நிறத்தை வைத்து ஒருவரைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்றும், பூசுவதற்குமுன் உள்ள முகத்தைச் சோகமாகவோ அழகற்றதாகவோ காட்டக் கூடாது என்றும் 2014இல் நெறிமுறை வகுத்தது. அந்தக் கழகம் விளம்பரத் துறையினர் தமக்குத் தாமே அமைத்துக்கொண்டது. சட்டத்தின் பலம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது: தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம். லோரியால் வழக்குப் போன்ற ஒன்றை இங்கேயும் அதைக் கொண்டு நடத்த முடியும். ஆனால் யார் நடத்துவது? நடிகையின் தோல் படத்தில் ஏன் நான்கு படி வெளுத்தது என்று நம் நாடாளுமன்றத்திலிருந்து ஒரு புகார் போவதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. (தேர்தல் ஃப்ளெக்ஸ்களில் தலைவர்களுக்கு வயது நாற்பதோடு நின்றுவிடுவதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.)

நிறவெறிக்கு எதிரான 'டார்க் இஸ் ப்யூட்டிஃபுல்' இயக்கம் 2009இல் தொடங்கியது சென்னையில். 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு அதைத் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமானார். அவர் பேட்டி ஒன்றில் சொன்ன செய்தியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்: இந்த இயக்கத்துக்குக் கிடைத்த ஆதரவைப் பற்றி எழுதிய இந்தியப் பத்திரிகையே, கட்டுரையோடு போட்ட அவர் படத்தை வெளுப்பாக்கி அச்சிட்டிருந்ததாம். கறுப்பை இழிவுபடுத்த வேண்டும் என்று யாரும் அங்கே உட்கார்ந்து திட்டமிட்டிருக்க மாட்டார்கள். பக்கம் முடிக்கிறவர், நடிகை படம் என்றதும் கை பழகிய வேலையைச் செய்திருப்பார். எங்கள் ஆச்சியின் பச்சைப் புள்ளி போனதும் இப்படித்தான்.

கை பழகுவதற்குமுன் கருவி பழகியிருந்தது என்பதும் உண்மை. வண்ண ஃபிலிமைக் கழுவி அச்சிடும் லேப்களுக்குக் கோடாக் நிறுவனம் பல ஆண்டுகள் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இருப்பாள். முதலில் நின்ற ஊழியரின் பெயரால் அதற்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கறுத்த முகங்கள் கண்ணும் பல்லுமாகத்தான் விழுந்தன. பழுப்பு நிறங்களை ஃபிலிம் ஒழுங்காகக் காட்டவில்லை என்று சாக்லேட் தயாரிப்பாளர்களும் மரச்சாமான் விற்பனையாளர்களும் முறையிட்டபிறகே நிறுவனம் அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. பெரியவரிடம் "நிறத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள்" என்று கேட்டவர்கள் எல்லாருமே வெளுப்புக்கு ஆசைப்பட்டவர்கள் அல்லர் என்று இப்போது தோன்றுகிறது. சிலர் தங்கள் முகத்தைத் திருப்பித் தரச் சொல்லித்தான் கேட்டிருப்பார்கள்.

இன்று கருவி கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. பல கைப்பேசிகளில் முன்பக்கக் கேமரா நம்மைக் கேட்காமலே தோலை மழுக்குகிறது, கண்ணைப் பெரிதாக்குகிறது, நிறத்தை ஏற்றுகிறது. அந்த அமைப்பை எங்கே அணைப்பது என்று தேடியே கண்டுபிடிக்கவேண்டும். கூகுள் 2020இல் தன் பிக்சல் கைப்பேசிகளில் முகத் திருத்தம் தானாக இயங்காது, வேண்டுமானால் நாம்தான் போட்டுக்கொள்ளவேண்டும் என்று மாற்றியது. 'அழகு' என்ற சொல்லையும் அந்த இடத்திலிருந்து எடுத்தது. 2021இல் கறுத்த தோலை அதன் நிறத்திலேயே காட்ட 'ரியல் டோன்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வியாபாரம்தான், வேறென்ன. ஆனாலும் கேட்டுச் செய்வதற்கும் கேட்காமல் செய்வதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அவர்கள் சரியாகப் பிடித்தார்கள். ஸ்டுடியோவில் நாம் வாய்விட்டுக் கேட்டோம். கைப்பேசியில் நாம் கேட்கவே இல்லை. திருத்தியதைத்தான் தன் முகம் என்று ஒரு பதினைந்து வயதுப் பெண் நம்பிவிடுகிறாள். அதன்பிறகு கண்ணாடி அவளுக்குப் பகை.

அன்றாடத்தில் எனக்கு உண்மையிலேயே சிக்கலாகத் தெரிவது வரன் பார்க்கும் படம். பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கும் படத்தை மென்பொருளால் மாற்றக் கூடாது என்பது விதி. எல்லை அதிகாரி அதை முகத்தோடு ஒப்பிடுவார், அதில் விவாதம் இல்லை. வரன் படத்தையும் முகத்தோடு ஒப்பிடத்தான் போகிறார்கள், அதுவும் எட்டுப் பேர் காபி குடித்துக்கொண்டே. இருந்தும் ஸ்டுடியோக்காரரிடம் நிறம் ஏற்றச் சொல்வது பெரும்பாலும் பெண்ணின் தாய்தான். பொய்தானே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். மாப்பிள்ளை வீட்டார் படத்தைப் பார்த்தே பத்தில் ஏழைக் கழிக்கிறார்கள் என்று தெரிந்த தாய், தன் பெண் வாசலைத் தாண்டி உள்ளே போகட்டும் என்பதற்காகச் செய்யும் தந்திரம் அது. எல்லாரும் ஏற்றும்போது ஏற்றாத படம் மட்டும் இருட்டாகத் தெரியும். ஷாதி டாட் காம் இணையதளம் 2020 ஜூனில், பயனர்கள் எதிர்ப்புக்குப் பிறகு, தோல் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்துவிட்டது. பொத்தான் போய்விட்டது. கண் போகவில்லை. அந்தத் தாயை ஏமாற்றுக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முகப்பூச்சு நிறுவனத்தைச் சொல்ல வருகிறது. இரண்டு பேர் திறக்கும் மென்பொருளும் ஒன்றுதான், நகர்த்தும் பொத்தானும் ஒன்றுதான்.

ஆச்சி படத்துக்கு வருகிறேன். இரண்டாம் முறை போனபோது அத்தையும் கூட வந்தார். இளைஞர் குழுப்படத்தை மீண்டும் திறந்து, நெற்றியைப் பெரிதாக்கி, பச்சைப் புள்ளியை எங்கள் கண்ணெதிரே திரும்பக் கொண்டுவந்தார். அத்தை திரையைத் தொட்டு, "கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கும்" என்றார். அப்படியே வைத்தார். "நிறத்தையும் பழையபடி ஆக்கிவிடட்டுமா?" என்று கேட்டார். ஆமாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தை குறுக்கிட்டார்: "வேண்டாம் தம்பி. நிறம் அப்படியே இருக்கட்டும்." அத்தைக்கும் ஆச்சியின் நிறம்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. வெயிலுக்குக் கண்ணை இடுக்கியபடி நிற்கும் குழுப்படத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.